நைஜீரியா தம்பி கவிதை புக் போடணும்ங்கறான், 7 லட்சம் நைரா கேக்கறாங்க, குடுக்கலாமா?

லாகோஸ்_முருகன்:
வணக்கம் மக்களே. இலக்கியப் பகுதியில நான் எப்பவும் படிச்சிட்டு சத்தமில்லாம போயிர்ற ஆளு, எழுதறது இதான் முதல் தடவை, தப்பான எடத்துல போட்டிருந்தா மாடரேட்டர் மாத்தி விட்ருங்க. நான் லாகோஸ்ல இகேஜா பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில பிளான்ட்ல இருக்கேன், ஆறு வருசமாச்சு. எங்க ஸ்டோர்ஸ்ல ஒரு பையன், 26 வயசு, இபாதான் ஊரு, யொரூபாங்கற மொழி பேசற ஆளுங்க. இங்க டிகிரி முடிச்ச பசங்க ஒரு வருசம் கவர்மென்ட் சொல்ற ஊர்ல போய் சர்வீஸ் பண்ணணும், என்.ஒய்.எஸ்.சி.ன்னு பேரு. இவன வடக்க மின்னாவுக்கு அனுப்பிட்டாங்க. அந்த ஊர்ல ஹில்டாப்னு ஒரு அமைப்பு இருக்கு, ஸ்கூல் புள்ளைங்களயே எழுத வச்சு புக் போட வைக்கறவங்க, அவங்களோட சுத்திட்டு வந்து பையனுக்கு பித்து முத்திருச்சு. கூட்ஸ் ரிசீவ்டு நோட்டுக்கு (சரக்கு வந்ததுக்கு எழுதற சீட்டு) பின்னாடியெல்லாம் கவிதை. ஆடிட்ல மாட்டினப்பதான் எனக்கே தெரியும்.

திட்டலாம்னு கூப்ட்டேன், படிச்சு காட்டுடான்னு ஆயிருச்சு. இங்க சின்ன ஜெனரேட்டர் ஒண்ணு இருக்கு, ஏழை பாழை வாங்கறது, அதுக்கு ஜனங்க வச்ச பேரு "ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்", அதாவது பக்கத்து வீட்டுக்காரன விட நான் தேவலன்னு அர்த்தம். அது மேல ஒரு கவிதை. தெருவுல ஒவ்வொரு வீட்லயும் அது ஓடுது, யாரும் யார விடவும் தேவலயா இல்ல, எல்லாரும் ஒரே புகைய குடிச்சிட்டு தூங்கறாங்கன்னு போகும். எனக்கு கவிதை ஞானம் கிடையாது, ஆனா அத கேட்டுட்டு அன்னைக்கு ராத்திரி ஜெனரேட்டர் சத்தத்துல தூக்கம் வரல.

விசயத்துக்கு வர்றேன். 62 கவிதை சேத்து வச்சிருக்கான். ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பியிருக்கான் (பேரு வேணாம்), ஒரே வாரத்துல "உங்க எழுத்து எங்களை உலுக்கிருச்சு"ன்னு மெயில், கூடவே 7 லட்சம் நைரா கட்டுங்க, 500 காப்பி, ஐ.எஸ்.பி.என். (புக்குக்கு குடுக்கற அடையாள நம்பர்), வெளியீட்டு விழா எல்லாம் நாங்க பாத்துக்கறோம்னு. நம்ம காசுக்கு 40 ஆயிரம் கிட்ட வரும். அதென்ன பெரிய காசான்னு கேக்காதீங்க, இங்க 2024ல கூட்டின மினிமம் சம்பளமே மாசம் 70,000 நைரா, பத்து மாச சம்பளம் அது. ஓகா, லோன் குடுங்கன்னு என்கிட்ட கேக்கறான் (ஓகான்னா இங்க முதலாளி, அண்ணாச்சி, சார் எல்லாம் சேத்து ஒரே வார்த்தை). குடுக்கறதுல எனக்கு கஷ்டமில்ல. குடுக்கலாமாங்கறதுதான் கேள்வி. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெட்டிப்பேச்சு:
ப்ரோ, ஒரே வாரத்துல எவனாவது 62 கவிதைய படிச்சு உலுங்கினான்னா அவன் கவிதைய படிக்கல, உங்க பாக்கெட்ட படிச்சிருக்கான். அமேசான்ல கேடிபின்னு ஒண்ணு இருக்கு, நம்ம புக்க நாமளே போட்டுக்கலாம், ஃப்ரீ, நைட்டு உக்காந்தா காலைல புக்கு ரெடி. 7 லட்சத்துக்கு அவனுக்கு ஒரு பைக் வாங்கி குடுங்க, டெலிவரி ஓட்டி பொழச்சுக்கட்டும். கவிதை புக்க உலகத்துல எவன் காசு குடுத்து வாங்கறான், ஆப்பிரிக்காவா இருந்தா என்ன அரும்பாக்கமா இருந்தா என்ன.

அச்சாபீஸ்_ராஜா:
சிவகாசியில இருந்து எழுதறேன், 22 வருசமா ஆஃப்செட் அச்சகம். மேல தம்பி சொன்னதுல பாதி சரி. கணக்கு போட்டு பாருங்க. 62 கவிதைன்னா டெமி சைஸ்ல 80, 96 பக்கம் வரும், ஆறு ஃபாரம் (ஒரு ஃபாரம் 16 பக்கம்), உள்ள ஒரே கலர், அட்டை நாலு கலர், பெர்ஃபெக்ட் பைண்டிங். இது நம்ம ஊர்ல 500 காப்பி போட்டா 40 ஆயிரத்துல பாதி கூட அச்சுக்கு ஆகாது. ஆனா நைஜீரியாவுல புக் அடிக்கற பேப்பர் பெருசா செய்யறதில்ல சார், ஜெப்பா, இவோபின், ஓக்கு இபோக்குன்னு மூணு ஊர்ல கவர்மென்ட் பேப்பர் மில் கட்டி மூணும் படுத்துருச்சு, ரீல் ரீலா வெளிநாட்ல இருந்துதான் வருது. 2023ல நைரா விழுந்ததுல இருந்து பேப்பர் வெலய கேக்கவே வேணாம். அதனால 7 லட்சம்ங்கறது அச்சுக்கூலியா பாத்தா பகல் கொள்ளன்னு நான் சொல்ல மாட்டேன். நியாயமான அச்சகத்துக்காரனே 500 காப்பிக்கு அத ஒட்டித்தான் வருவான்.

ஆனா கேக்க வேண்டியது வேற. 500 காப்பி எங்க போய் ஒக்காரும்? அவன் கடைக்கு போடுவானா, இல்ல பையன் வீட்டு கட்டிலுக்கு அடியில போடுவானா? அச்சடிக்கறவன் அச்சகம், விக்கறவன்தான் பதிப்பகம். காச வாங்கிட்டு அச்சடிச்சு குடுத்தா அவன் என்னை மாதிரி, அவ்ளோதான். என்கிட்ட யாரும் வந்து "என் எழுத்து உலுக்கிச்சா அண்ணே"ன்னு கேட்டதில்ல.

(ஆப்பிரிக்கா ஸ்கூல் புத்தகம் இந்தியாவுல நிறைய அச்சாகுது, அது கன்டெய்னர் கணக்கு. 500 கவிதை புக்குக்கு கப்பல் கட்டுப்படியாகாது, அந்த ஐடியா இருந்தா விட்ருங்க.)

லாகோஸ்_முருகன்:
ராஜா அண்ணே ரொம்ப நன்றி. நீங்க சொன்னதும் சாம்பிள் கேக்க சொன்னேன். 12 பக்கம் பிடிஎஃப் வந்துச்சு. பையன் பாத்துட்டு அப்படியே சுவத்துல சாஞ்சுட்டான். ஏன்னா இவன் இங்கிலீஷ்ல எழுதினாலும் நடுவுல யொரூபா வார்த்தை நிறைய வரும், யொரூபாவுல எழுத்துக்கு கீழ புள்ளி, மேல கோடு எல்லாம் உண்டு, ராகம் மாறினா அர்த்தமே மாறிரும். "ஒக்கொ"ன்னு ஒண்ணு இருக்கு, ஒரு ராகத்துல புருசன், இன்னொண்ணுல மம்மட்டி, இன்னொண்ணுல வண்டி, இன்னொண்ணுல ஈட்டி. அந்தாளு ஃபான்ட் மாத்தினதுல புள்ளி, கோடு மொத்தமா போயிருச்சு. அப்பா போன வண்டி திரும்பலன்னு இவன் எழுதினது, புள்ளியும் போனதால வயல் திரும்பலன்னு நிக்குது. இத சரி பண்ண சொன்னா "ப்ரூஃப் கரெக்சன் தனி சார்ஜ்"னு பதில்.

வெட்டிப்பேச்சு:
வயல் திரும்பல 😂 அது நவீன கவிதைன்னு விட்ருங்க ப்ரோ, அவார்டு கிடைக்கும்

நைரோபி_சித்தப்பா:
இழைய இப்பத்தான் பாத்தேன். முருகா, காச குடுத்துறாதப்பா. கொள்ளங்கறதுக்காக சொல்லல, வேற காரணம், அத யாரும் இன்னும் சொல்லல.

நான் கென்யாவுல 19 வருசம், மருந்துக் கம்பெனி, வேலைக்கு சம்பந்தமில்லாம இங்க கவிதை வாசிக்கற எடத்துக்கெல்லாம் போய் பின் வரிசையில ஒக்காந்து பழக்கம். ஆப்பிரிக்காவுல இங்கிலீஷ்ல எழுதற ஒரு புது கவிஞனுக்கு முதல் புக்குக்கு இருக்கற பெரிய வாசல் எதுன்னா சில்லர்மன் ஃபர்ஸ்ட் புக் பிரைஸ்னு ஒண்ணு. க்வாமே டாஸ்னு ஒருத்தர், கானாவுல பொறந்து ஜமைக்காவுல வளந்தவர், அமெரிக்காவுல நெப்ராஸ்கா யுனிவர்சிட்டியில இருந்துகிட்டு 2012ல ஆப்பிரிக்கன் பொயட்ரி புக் ஃபண்ட்னு ஆரம்பிச்சார், அவங்க நடத்தறது. ஜெயிச்சா 1000 டாலர், நெப்ராஸ்கா யுனிவர்சிட்டி பிரஸ்ல புக். அனுப்ப நயா பைசா கட்டணம் கிடையாது, இது முக்கியம், ஏன்னா அமெரிக்காவுல மத்த புக் போட்டி நெறயத்துக்கு 25, 30 டாலர் கேப்பான். முதல் வருசம் ஜெயிச்சதே எங்க ஊர் ஆளு, கிளிஃப்டன் கச்சாகுவா, 2013.

இப்ப காரணத்துக்கு வர்றேன். அந்த போட்டி இதுவரைக்கும் கவிதை தொகுப்பு வராதவங்களுக்கு மட்டும். சொந்தக் காசுல போட்டதும் கணக்குதான். ஆன்லைன்ல வித்தாலும் சரி, கடையில வச்சாலும் சரி, கூட்டத்துல கை நீட்டி நாலு பேருக்கு வித்தாலும் சரி, அது உன் முதல் புக்குன்னு ரூல்ஸ்லயே போட்டிருக்கு. அதாவது இந்த 7 லட்சத்த குடுத்து வயல் திரும்பலன்னு ஒரு புக்க போட்டுட்டா தம்பிக்கு அந்தக் கதவு ஆயுசுக்கும் மூடிக்கும். கேடிபின்னு சொன்ன தம்பிக்கும் சேத்துதான் சொல்றேன், ஃப்ரீன்னு நெனச்சு போடறான் பாரு, அதுக்குத்தான் அதிக வெல.

அப்ப எதுவுமே போடக்கூடாதான்னா அப்படியும் இல்ல. நேரா புக்குக்கு தாவாம நடுவுல ஒரு படி இருக்கு, சாப்புக். 20, 30 பக்கத்துல சின்னதா. இதே டாஸும் நைஜீரியாக்காரர் கிறிஸ் அபானியும் 2014ல இருந்து புது கவிஞர்களோட சாப்புக்க பெட்டி பெட்டியா போடறாங்க, ஒரு பெட்டியில ஏழெட்டு, பத்து பேரு. மூணாவது வருசத்துல இருந்து பெட்டிக்கு பேரே சுவாஹிலி நம்பர்தான். 3 தாத்து, 4 ன்னே, 5 தானோ, 6 சீதா, 7 சாபா, 8 நானே. இங்க ஒருநாள் அத அடுக்கி வச்சிருந்தத பாத்து சீதா, நானேன்னு நான் சத்தமா படிச்சு சிரிக்க, பக்கத்துல இருந்த பொண்ணு ஒரு மாதிரியா பாத்துச்சு. சரி அது கெடக்கட்டும். போட்ஸ்வானா ஜவாங்வா டேமா, காபரோன்ல மேடையில கவிதை சொல்லிகிட்டு இருந்த அம்மா, அந்த 2014 முதல் பெட்டியில சின்ன சாப்புக். 2018ல சில்லர்மன் ஜெயிச்சாங்க. 2019ல முழு புக். அஞ்சு வருசம். தம்பி வயசுக்கு அஞ்சு வருசம் ஒண்ணுமே இல்லப்பா.

யாழ்வாணி:
நான் லண்டனில இருக்கிறன். சித்தப்பா சொன்னதோட ஒரு கதை சேர்த்துச் சொல்லுறன். வார்சன் ஷையர் எண்ட பேர் கேள்விப்பட்டிருப்பியள், கவிதை எழுதுற சோமாலிப் பிள்ளை, கென்யாவில பிறந்து இங்க வளர்ந்தவ. 2011ல ஒரு மெல்லிய சாப்புக் வந்தது, போட்டது ஃப்ளிப்ட் ஐ எண்ட சின்னப் பதிப்பகம், அதை நடத்துறவர் கானா எழுத்தாளர் நீ அயிக்வேய் பார்க்ஸ். 2013ல ப்ரூனல் ஆப்பிரிக்கக் கவிதைப் பரிசு எண்டு ஒண்டைப் பெர்னடின் எவரிஸ்டோ எண்ட இங்கத்தை எழுத்தாளர் தொடங்கி நடத்தினவ, அதின்ர முதல் பரிசு வார்சனுக்குத்தான். பத்தே பத்துக் கவிதை அனுப்பினால் போதும், பரிசு 3000 பவுண்ட். 2016ல பியான்சே தன்ர ஆல்பத்தில அவவின்ர வரிகளைச் சேர்த்தா, உலகமே அவவைத் தேடிச்சுது. எல்லாரும் புத்தகம் எங்க எண்டு கேட்டவை. முதல் முழுப் புத்தகம் வந்தது எப்ப தெரியுமோ? 2022ல. சாப்புக்கில இருந்து 11 வருசம். பியான்சே பாடின ஆளுக்கே அந்தப் பொறுமை இருந்தது எண்டால், ஒரு கிழமையில உலுங்கின பதிப்பகத்துக்கு என்ன அவசரமாம்.

உங்கட நைஜீரியாவிலயே ரோமியோ ஒரியோகன் இருக்கிறார். 2016ல ஒரு இணையச் சஞ்சிகை அவற்ற கவிதைகளை இலவச ஈ-சாப்புக்காப் போட்டது. அடுத்த வருசம் அதே ப்ரூனல் பரிசு. 2020ல நெப்ராஸ்காவில புத்தகம். 2022ல நைஜீரியா இலக்கியப் பரிசு, அது 1 லட்சம் டொலர், கவிதைக்கு நாலு வருசத்துக்கு ஒருக்கால்தான் முறை வரும். ஆனால் ஒண்டு, அவர் ஆண்-ஆண் காதலைப் பற்றி எழுதினதால ஊரில மிரட்டல் வந்து நாட்டை விட்டே வெளிக்கிட வேண்டி வந்தது. பரிசுப் பட்டியலை மட்டும் வாசிச்சால் ஏணி மாதிரித்தான் தெரியும்.

ப்ரூனல் பரிசு இப்ப எவரிஸ்டோவின்ர பேரில நடக்குது, நடத்துறது சித்தப்பா சொன்ன அதே ஃபண்ட்தான். தம்பியை அதுக்கும் அனுப்பச் சொல்லுங்கோ. ஒவ்வொரு பரிசுக்கும் விதி வேற வேற, அதை அவரே ஒருக்கா வடிவா வாசிக்கோணும்.

வெட்டிப்பேச்சு:
ஓகே ஓகே கேடிபிய வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவப்படாதீங்க. ஃபண்ட் அமெரிக்காவுல, பரிசு லண்டன்ல ஆரம்பிச்சது, புக் போடறது நெப்ராஸ்காவுல. அப்ப அந்தப் பையன் எழுதறது ஆருக்கு? ஜெனரேட்டர் பொகை குடிக்கற தெருவுக்கா, இல்ல சோளக்காட்டுக்கு நடுவுல ஏசி ரூம்ல ஒக்காந்திருக்கற புரொஃபசருக்கா? நெப்ராஸ்கா புக்கு வெலய பாத்தேன், 18 டாலர் கிட்ட. முருகன் ப்ரோ கணக்குப்படி லாகோஸ்ல ஒருத்தனோட பத்து பன்னெண்டு நாள் சம்பளம். அவன் கவிதைய அவன் தெருக்காரனே வாங்க முடியாது. இதுக்குப் பேரு வாசலா?

நைரோபி_சித்தப்பா:
நல்ல கேள்வி. மொத தடவையா நீ வெட்டியா பேசல.

அந்த ஃபண்டுக்காரங்களுக்கும் இது தெரியாம இல்ல. செனகல்ல அமாலியன்னு ஒரு பதிப்பகத்தோட கூட்டு சேந்தாங்க, 2014ல போட்ஸ்வானா, காம்பியா, கானா, கென்யா, உகாண்டான்னு அஞ்சு நாட்டுல கவிதைக்குன்னே சின்ன லைப்ரரி வச்சாங்க. நைஜீரியா அந்த அஞ்சுல இல்ல, அத்தன கவிஞன் இருக்கற நாடு. போதாதுதான்.

ஆனா வெளிநாட்டுக் காசு இன்னைக்கு வந்த வியாதி இல்லப்பா. தம்பி ஊரு இபாதான்னு சொன்னீங்கள்ல முருகா, அவன்கிட்ட ம்பாரின்னு சொல்லிப் பாருங்க. 1961ல இபாதான்ல டுக்பே மார்க்கெட் பக்கம், ஒரு லெபனான்காரர் ஓட்டலா இருந்த எடத்துல ம்பாரி கிளப்னு ஆரம்பிச்சாங்க. உல்லி பையர்னு ஒரு ஜெர்மன்காரர், கூட பின்னாடி நைஜீரியாவோட பெரிய எழுத்தாளர்களான சோயிங்கா, அச்செபே, கிறிஸ்டபர் ஒகிக்போ, ஜே.பி. கிளார்க், எல்லாம் முப்பது கூட ஆகாத, இல்ல அப்பத்தான் தாண்டின பசங்க. கிளப்பே புக்கும் போட்டுச்சு. 1962ல ஒகிக்போவோட முதல் புக் ஹெவன்ஸ்கேட் அங்கதான், அதே வருசம் கிளார்க்கோட முதல் கவிதை புக்கும் அங்கதான். ஜெயில்ல கெடந்த தென்னாப்பிரிக்க கவிஞர் டெனிஸ் ப்ரூட்டஸுக்கும் முதல் புக்க 1963ல இவங்கதான் போட்டாங்க. கேக்கவே நல்லாருக்கில்ல? அந்தக் கிளப்புக்கு காசு வந்தது பாரிஸ்ல இருந்த காங்கிரஸ் ஃபார் கல்சுரல் ஃப்ரீடம்ங்கற அமைப்புல இருந்து. 1967 வாக்குல குட்டு ஒடஞ்சுச்சு, அந்த அமைப்புக்கே பணம் போட்டது சிஐஏ, அமெரிக்க உளவுத்துறை. சோயிங்காவுக்கோ ஒகிக்போவுக்கோ அது தெரிஞ்சிருந்ததா யாரும் சொல்லல. குட்டு ஒடஞ்ச அதே 1967ல ஒகிக்போ பயாஃப்ரா போர்ல (நைஜீரியாவுல இருந்து பயாஃப்ரா பிரியறதுக்கு நடந்த உள்நாட்டுப் போர்) துப்பாக்கி தூக்கிப் போய் செத்துட்டார், 35 வயசு. கவிதைங்க இன்னும் நிக்குது, சிஐஏக்கு அதுல பத்து பைசா லாபம் வந்திருக்கும்னு எனக்கு தோணல.

இன்னொருத்தர், கேப்ரியல் ஒகாரா. 1921ல பொறந்தவர். 1953லயே கவிதைக்கு பரிசு, ஸ்கூல் பாடத்துல இவர் கவிதை. முதல் கவிதை புக் வந்தது 1978ல, 57 வயசுல. ஏன்னா பயாஃப்ரா போர்ல அவர் கையெழுத்துப் பிரதிங்க நெறய அழிஞ்சு போச்சு. தப்பினத வச்சு போட்ட புக்குக்கு மறு வருசமே காமன்வெல்த் கவிதைப் பரிசு. எப்ப இத நெனச்சாலும் எனக்கு வயித்த கலக்கும், அந்த அழிஞ்சதுல என்னென்ன இருந்துச்சோ. முருகா, தம்பி அந்த 62ஐயும் எங்க வச்சிருக்கான்? கூட்ஸ் ரிசீவ்டு நோட்டுலயேவா?

லாகோஸ்_முருகன்:
சித்தப்பா, போன்ல மட்டும் வச்சிருக்கான். ஸ்கிரீன் ஒடஞ்ச போன். இப்பவே ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏத்தறேன்.

கவிதா_கேப்டவுன்:
எல்லாரும் வெளிநாட்டு வாசலையே சொல்றீங்க, உள்ளூர்லயே நடந்தத நான் சொல்றேன், நான் இருக்கற தென்னாப்பிரிக்காவுலதான். இங்க உஹ்லாங்கான்னு கவிதைக்கு மட்டுமே ஒரு சின்ன பதிப்பகம், நிக் மல்க்ரூன்னு ஒருத்தர் 2014ல பத்திரிகையா ஆரம்பிச்சு அப்புறம் புக்குக்கு வந்தார். முதல் புக் போடறவங்கள தேடித் தேடி போடுவாங்க, எழுதறவங்ககிட்ட காசு வாங்க மாட்டாங்க. 2015ல தாபோ ஜிஜானாங்கற பையனோட முதல் புக், அதுக்கு இங்க்ரிட் யோங்கர் பரிசு கிடைச்சுது, அது முதல் கவிதை புக்குக்குன்னே உள்ள பரிசு. 2017ல கொலேகா புட்டுமாவோட கலெக்டிவ் அம்னீசியா. அது வந்தப்ப நான் இங்க வந்து புதுசு, கூட வேலை பாக்கற பொண்ணுங்க லன்ச்ல அந்த புக்க கைமாத்தி கைமாத்தி படிச்சாங்க, கவிதை புக்க, நம்பவே முடியல. ஆயிரக்கணக்குல வித்து மறுபடி மறுபடி அச்சாச்சு, யுனிவர்சிட்டியில பாடமாச்சு. அந்தப் பொண்ணு அதுக்கு முன்னாடி மேடையில சொல்லிச் சொல்லியே ஆளுங்கள சேத்து வச்சிருந்தா, புக் வர்றப்ப வாங்க ஆளு ரெடி. வெட்டிப்பேச்சுக்கு இதான் என் பதில், கவிதை விக்காதுன்னு இல்ல, விக்கறவன் வேணும், கேக்கறவன் மொதல்லயே வேணும்.

உஹ்லாங்கா பெரும்பாலும் தென்னாப்பிரிக்காக்காரங்களுக்குத்தான், தம்பிக்கு நேரா ஒதவாது. ஆனா லாகோஸ்லயே கவிதைக்குன்னு 2015ல இருந்து இன்டர்நேஷனல் பொயட்ரி ஃபெஸ்டிவல் நடக்குது, அபியோகுடாவுல ஆரம்பிச்ச அகே புக் ஃபெஸ்டிவலும் 2018ல லாகோஸுக்கு வந்துருச்சு. பஸ்ல போற தூரத்துல இருந்துகிட்டு எதுக்கு நெப்ராஸ்காவ மட்டும் பாக்கணும்? போய் மைக்க புடிக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, 20.35 ஆப்பிரிக்கான்னு வருசா வருசம் ஒரு தொகுப்பு வருது, பேர்லயே இருக்கு பாருங்க, 20ல இருந்து 35 வயசுக்குள்ள உள்ள ஆப்பிரிக்க கவிஞர்களுக்கு. நெட்ல இலவசமா எறக்கிக்கலாம். அவன் தெருக்காரன் போன்ல படிக்கலாம்ல.

அப்புறம் நேர்மையா ஒண்ணு, 62 அதிகம். முதல் புக்குன்னா எழுதினத எல்லாம் கொட்டற மூட்டை இல்ல. சில்லர்மனுக்கு 50 பக்கம் போதும். அவனுக்கு புடிக்காத பத்த அவனையே எடுக்கச் சொல்லுங்க, எது வலிக்காம போகுதோ அது போகட்டும்.

அச்சாபீஸ்_ராஜா:
அந்த கடைசி வரிக்கு ஒரு கும்பிடு. எங்கிட்ட வர்ற கவிஞர்கள் எல்லாரும் பக்கத்த கூட்டத்தான் பாப்பாங்க, "ஃபாரம் முழுசா வரலையே, இன்னும் நாலு கவிதை சேத்துக்கட்டுமா"ம்பாங்க.

லாகோஸ்_முருகன்:
மூணு வாரம் ஆளக் காணோம்னு நெனச்சிருப்பீங்க, ஷட் டவுன் மெயின்டனன்ஸ். இப்ப நடந்தத சொல்றேன்.

மொதல்ல காசு கட்டல. சில்லர்மன் ரூல நானே எடுத்து அவன்கிட்ட காட்டினேன், ரெண்டு தடவ படிச்சான், மூணாவது தடவ சத்தமா படிச்சான். அப்புறம் அந்த பதிப்பகத்துக்கு மரியாதையா ஒரு மெயில், கவிதைய வாபஸ் வாங்கிக்கறேன்னு. அதுக்கு அவங்க பதில், 5 லட்சத்துக்கு முடிச்சுக்கலாமான்னு. மீன் கடையில கூட வெல கொறைக்க நாம கொஞ்சம் கெஞ்சணும்.

பத்திரிகைக்கு அனுப்பறதுல வேற ஒரு கூத்து. ஒரு அமெரிக்க பத்திரிகை இவன் கவிதை ஒண்ண போன வருசம் எடுத்திருக்கு, 20 டாலர் தர்றோம் பேபால் (நெட்ல காசு அனுப்பற கணக்கு) நம்பர் குடுன்னாங்களாம். நைஜீரியா பேபால் அக்கவுன்ட்ல அப்ப காச அனுப்பலாம், வாங்க முடியாது, வருசக்கணக்கா அப்படித்தான் இருந்துச்சு. இவன் சொந்தக்காரன் ஒருத்தன் மான்செஸ்டர்ல இருக்கான், அவன் கணக்குல போட சொல்லிட்டு எட்டு மாசமா காசு வரல, கேக்கவும் கூச்சம். அனுப்பறதுக்கு மூணு டாலர் கட்டணம் கேக்கற பத்திரிகைங்களுக்கு இவன் பேங்க் கார்டே போகல, நடுவுல கொஞ்ச நாள் நைரா கார்டுல மாசம் 20 டாலர்தான்னு வச்சாங்க, அப்புறம் கொஞ்ச காலம் அதுவும் நின்னு கெடந்துச்சு. அதனால கட்டணம் இல்லாத எடமா பாத்து ஒரு லிஸ்ட் போட்டு வச்சிருக்கோம், எக்செல்ல, எங்க ஸ்பேர் பார்ட்ஸ் ரெஜிஸ்டர் மாதிரியே. அனுப்பின தேதி, பதில் வந்த தேதி, ரிமார்க்ஸ். ரிமார்க்ஸ் காலம் பூரா "ரிக்ரெட்"டுதான் (வருந்துகிறோம், எடுக்கலன்னு அர்த்தம்) இப்போதைக்கு.

அப்புறம் ஃபேஸ்புக். கவிதைய எழுதின சூட்டோட அங்க போட்டுர்றான், 300 லைக். நெறய பத்திரிகைக்கு அது ஏற்கெனவே வெளியான கணக்காம், தொட மாட்டாங்களாம். இது தெரிஞ்சப்பதான் நிஜமாவே அழுதான், ஏன்னா அவனுக்கு ரொம்ப புடிச்ச பதினோரு கவிதை அங்க இருக்கு. ஜெனரேட்டர் கவிதையும்.

யாழ்வாணி:
ஐயோ பாவம். ஆனால் பத்திரிகை தொடாட்டியும் புத்தகத்துக்குள்ள சேர்க்கலாம், அது வேற விசயம். முகநூலில எழுதினதுக்காக முதல் புத்தகம் எண்ட தகுதி போகாது. அழவேண்டாம் எண்டு சொல்லுங்கோ.

வெட்டிப்பேச்சு:
ப்ரோ ம்பாரி பத்தி கேட்டீங்களா அவன்கிட்ட?

லாகோஸ்_முருகன்:
கேட்டேன். இபாதான்லயே பொறந்து வளந்தவன், டுக்பே மார்க்கெட் வழியாத்தான் ஸ்கூல் போவானாம், அவங்கம்மா அங்கதான் துணி வாங்குவாங்களாம், ஒகிக்போவ காலேஜ்ல பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியிருக்கான், ஆனா முதல் புக் அந்த மார்க்கெட் பக்கத்துல இருந்துதான் வந்துச்சுன்னு தெரியாது. போன சனிக்கிழம ஊருக்கு போய் அந்த எடத்த தேடியிருக்கான். கடக்காரங்க யாருக்கும் தெரியல, ஒரு கிழவர் மட்டும் ம்பாரியான்னு கேட்டுட்டு சும்மா கைய ஆட்டிட்டு போயிட்டாராம். திரும்பி வந்து பஸ்ஸுலயே ஒரு கவிதை எழுதியிருக்கான், இந்த தடவ ஃபேஸ்புக்ல போடல.

இப்ப நெலம இதான். 62, 47 ஆயிருச்சு. எடுத்த பதினஞ்சுல பத்து அவனா எடுத்தது, அஞ்சு சண்ட போட்டு எடுத்தது (சண்ட போட்டது கவிதா மேடம் சொன்ன அந்த ஃபெஸ்டிவல்ல சினேகிதமான ஒரு பொண்ணு, நான் இல்ல, எனக்கென்ன தெரியும்). பத்து கவிதை எவரிஸ்டோ பரிசுக்கு போயிருக்கு. முழு கட்டு சில்லர்மனுக்கு ரெடியாகுது. புள்ளி, கோடு எல்லாம் எடத்துல இருக்கான்னு பாக்க ஆபீஸ் பிரின்டர்ல ஒரு காப்பி எடுத்து ஸ்பைரல் போட்டோம், பிரின்டர் ரெண்டு எடத்துல கோட்ட முழுங்கிருச்சு, அத பேனாவால போட்டிருக்கான். அந்தக் காப்பிய அம்மாவுக்கு குடுக்கப் போறேன்னான், டேய் விக்காத, ரூல்ஸ்ல அடிபட்டுருவன்னேன். எங்கம்மாகிட்ட நான் காசு வாங்குவனா ஓகான்னு மொறச்சான்.

நைரோபி_சித்தப்பா:
அந்த பஸ்ல எழுதின கவிதைய இங்க போடுங்க முருகா. இங்கிலீஷ்லயே போடுங்க, நான் தமிழ்ல பண்ணித் தர்றேன். இத்தன நாள் பேசிட்டு அவனோட ஒரு வரிய கூட நாங்க படிக்கல.

கவிதா_கேப்டவுன்:
ஆமா, போடுங்க போடுங்க.

லாகோஸ்_முருகன்:
கேட்டேன் சித்தப்பா. இந்த இழையோட லிங்க குடுன்னான், குடுத்தேன், தமிழ்ல ஒண்ணும் புரியலன்னாலும் லாகின் இல்லாமலே பக்கம் தொறக்குதான்னு பாத்தான். தொறந்துச்சு. "ஓகா, இது பப்ளிஷ் ஆன கணக்குல வரும், முடியாது"ன்னுட்டான்.